பி, ஏ, எல்

முதலில் அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடைபாதையில் ரிமோட் உறையும் கைக்கடிகார பேட்டரியும் விற்கிற ஆள் அதை ஆர்கனைசர் என்றான். உள்ளங்கை அளவு, சாம்பல் நிறத் திரை, சுண்டுவிரல் நகத்தால் அழுத்துகிற மாதிரி பொடிப்பொடி ரப்பர் பொத்தான்கள். தேதி காட்டும், மணி காட்டும், ஒரு வரி குறிப்பு எழுதிக்கொள்ளலாம். குறித்த நேரம் வந்தால் மூன்று தடவை பீப் என்று கத்தும். அதன் சாமர்த்தியம் அவ்வளவுதான், விலையும் சாமர்த்தியத்துக்கு ஏற்ற மாதிரிதான். ரிப்பேர் ஆனால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வைக்கு வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதில் தமிழ் கிடையாது. இங்கிலீஷ் எழுத்துதான், அதுவும் ஒரு குறிப்புக்குப் பன்னிரண்டு எழுத்து. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், இங்கிலீஷ் தெரியாது. ஆகவே தமிழையே பிடித்து அந்த எழுத்துக்குள் திணித்தேன். குளிக்க வேண்டுமானால் KULI. சமைக்க வேண்டுமானால் SORU. காலை ஏழரைக்கு PALLI என்று போட்டிருந்ததை என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏழரைக்கு எதுக்கும்மா பல்லியப் பாக்கணும்?" என்று கேட்டாள். பள்ளி என்று சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ஏழு வயதுக்கு அது பெரிய நகைச்சுவை. அவள் சிரித்து முடிக்கிறவரை நான் நின்றேன், பிறகு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

இந்த இழவெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் என் கணவர் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது. இதயம் என்றார்கள். வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டேன் என்று சிலர் பாராட்டினார்கள், அந்தப் பாராட்டுக்கு நான் அருகதை இல்லாதவள். அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படிக் கையைக் கிள்ளிக்கூடப் பார்த்தேன். கிள்ளுவது தெரிந்தது, வலிப்பது தெரியவில்லை. சரி, நாளாவட்டத்தில் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். வரவில்லை.

அதோடு ஞாபகமும் போனது. குழாயைத் திறந்துவிட்டு மறந்தேன், கீழ் வீட்டுக்காரர் கூரையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று மேலே வந்து கத்தினார். பாத்திரத்தை அடுப்பில் வைத்து மறந்தேன். அதெல்லாம் போகட்டும். ஒரு நாள் பிள்ளையையே மறந்தேன். பள்ளி வேன் நாலே முக்காலுக்கு எங்கள் கட்டட வாசலில் வந்து நிற்கும், பெரியவர்கள் யாராவது இறங்கி வந்தால்தான் பிள்ளையை இறக்குவார்கள். நான் மேலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஹாரன் சத்தம் காதில் விழுந்தது, மண்டையில் உறைக்கவில்லை. வேன்காரர் பாவம், அவளை எல்லா நிறுத்தத்துக்கும் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டிருக்கிறார். அவர் என் நாத்தனாருக்குப் போன் செய்து, நாத்தனார் போய்க் கூட்டிக்கொண்டாள். எனக்கு விஷயம் தெரியும்போது எல்லாம் முடிந்திருந்தது.

நாத்தனார் என் கணவருக்கு மூத்தவள், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பஸ் டெப்போவில் வண்டிகள் புறப்படுவதை மைக்கில் அறிவிக்கிற வேலை. வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால்கூட மூன்றாம் நடைமேடை வரைக்கும் கேட்கும். நேரம் தவறுவதை அவளால் தாங்கவே முடியாது. அன்றிலிருந்து இரண்டு மாதம் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். நான் சனி, ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு ஒரு நாள் அவள் ஒரு மனுவைக் கொண்டுவந்தாள், தன் வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு. எல்லாம் நிரப்பியிருந்தது, தாயின் கையெழுத்து மட்டும் பாக்கி.

நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். பாசம் பொங்கி மறுத்தேன் என்று சொன்னால் பொய். போடக்கூடாது என்று தெரிந்தது, அவ்வளவுதான். அண்ணி யோசித்தாள். ஒரு மாதம் பார்ப்போம் என்றாள். முப்பது நாள் பிள்ளை என்னோடு இருக்கட்டும், ஒன்றும் தப்பாமல் பார்த்துக்கொண்டால் மனுவைக் கிழித்துவிடுகிறேன், தப்பினால் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். நியாயமான பேச்சு. நான் ஒத்துக்கொண்டேன். மறுநாள்தான் டப்பாவை வாங்கினேன்.

கைபேசியிலேயே இதெல்லாம் செய்யலாமே என்று சொல்ல வராதீர்கள். ஆபரேஷன் தியேட்டருக்கான அங்கிகளை வெளுத்து, மடித்து, உறையில் போட்டு அனுப்புகிற இடத்தில் எனக்கு வேலை. மடிப்பு மேசைக்குக் கைபேசி கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். டப்பாவைப் பார்த்ததும் சூப்பர்வைசர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேமரா இருக்கா என்றார், இல்லை. சிம் இருக்கா என்றார், இல்லை. வேறு என்னதான் இருக்கு என்றார். ஒன்றும் இல்லை சார் என்றேன். அப்படியானால் வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். உறைக்குச் சூட்டு ஒட்டுப் போடுகிற மெஷினில் நிற்கிற அக்காவை எல்லோரும் சீல் அக்கா என்போம். அவள் தினம் ஒரு தடவையாவது, மூச்சு விடணும்னும் அதுல போட்டு வெச்சிருக்கியா என்று கேட்பாள். அது தானாக நடக்கிறது, தானாக நடக்காததைத்தான் போடுகிறேன் என்பேன். அவள் சிரிப்பாள். நான் அங்கியின் நாடாவை உள்ளே மடித்துக் கையை மேலே போட்டு அடுத்ததை எடுப்பேன்.

டப்பா கத்தினால் செய்தேன். கத்தாவிட்டால் செய்யவில்லை. இதுதான் முறை, இதில் ஒரு சுகமும் இருந்தது. மாலை நாலு பத்துக்கு PAL, பால் வாங்கு. நாலு நாற்பதுக்கு VAN, கீழே இறங்கி நில். ஆறரைக்குப் பாடம், ஏழுக்குச் சோறு. முதல் வாரம் ஒன்றும் தப்பவில்லை. அண்ணி தினமும் போன் செய்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விசாரித்தாள். சீருடை துவைத்தாயா, நகம் வெட்டினாயா, தண்ணீர்ப் புட்டி கழுவினாயா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்ல முடிந்தது.

இரண்டாவது வாரம் ஒன்று நடந்தது. பிள்ளை ஒரு படம் வரைந்து கொண்டுவந்து காட்டினாள். நான் பார்த்தேன், ஒரு வீடு, ஒரு மேகம், மூன்று பேர். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு அவள் முகம் வாடியது. வாடியதை நான் நன்றாகவே பார்த்தேன். ஒரு தாய் இந்த இடத்தில் ஏதோ செய்ய வேண்டும் என்று தெரிந்தது, என்ன என்றுதான் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. அவள்மேல் கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை அழுதால் ஐயோ பாவம் என்று நினைப்போமே, அந்த அளவுக்குத்தான் இருந்தது.

அன்றைக்கே டப்பாவில் இரண்டு குறிப்புகள் சேர்த்தேன். எட்டு பத்துக்கு SIRI, சிரி. எட்டே காலுக்கு KATTI, கட்டிப்பிடி. எட்டரைக்கு அவள் தூங்கிவிடுவாள், அதற்கு முன்னால் இரண்டும் நடந்துவிட வேண்டும். இது ஏமாற்று என்றால் ஏமாற்றுதான். சோறு மாதிரி, சீருடை மாதிரி, இதுவும் அவளுக்குச் சேர வேண்டியது. என்னிடம் சரக்கு இல்லை என்பதற்காக அவள் பங்கு குறையலாமா? அதனால் பீப் கேட்டதும் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்த பீப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டேன். மனதுக்குள் இருபது வரை எண்ணுவேன், பிறகு விடுவேன்.

அவளும் எட்டு மணி ஆனால் எங்கிருந்தாலும் வந்து என் எதிரில் உட்கார ஆரம்பித்தாள். ஏதாவது ஒன்று கையோடு கொண்டுவருவாள். ஒரு படம், ஒரு விடுகதை, இல்லாவிட்டால் வகுப்பில் யாரோ நாற்காலியோடு விழுந்த கதை. எனக்கும் சிரிப்பதற்கு ஒரு சாக்கு கிடைத்தது. பரவாயில்லையே, டப்பா வேலை செய்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டாம் நாள் அவளுக்குப் பல்வலி. கடைவாயில் ஒரு பால் பல் சொத்தையாகி, ஈறு வீங்கியிருந்தது. அண்ணி உடனே டெப்போ பக்கத்துப் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். வியாழக்கிழமை மாலை ஐந்து மணி. அன்றைக்கு அவளே பள்ளியிலிருந்து பிள்ளையை நேராக அங்கே கூட்டிப்போய்விடுவாள், நான் வேலை முடிந்து அங்கே வந்துவிட வேண்டும். பிடுங்குவதற்கு முன்னால் தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட வேண்டுமாம், அத்தை போட்டால் செல்லாதாம். கட்டாயம் வரணும் என்று மூன்று தடவை சொன்னாள். நான் போன் பேசிக்கொண்டே டப்பாவில் வியாழனுக்கு எழுதினேன். வேனில் பிள்ளை வராது, ஆகவே அன்றைக்கு மட்டும் VAN என்பதை அழித்தேன். நாலரைக்குக் கத்தும்படி புதிதாக ஒன்று போட்டேன். பி, ஏ, எல். PAL. பல்.

பல்லு என்று போட்டிருக்கலாம். பன்னிரண்டு எழுத்துக்கு இடம் இருந்தது. டாக்டர் என்றுகூடப் போட்டிருக்கலாம். எனக்கு அப்போதெல்லாம் மூன்று எழுத்துக்கு மேல் அழுத்துவதே பெரும்பாடு.

வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு வேலை விட்டது. பெட்டகத்திலிருந்து கைபேசியை எடுத்துப் பையில் போட்டேன். சத்தத்தை அணைத்துத்தான் உள்ளே வைப்போம், திரும்ப எழுப்ப வேண்டும் என்று டப்பாவில் போடவில்லை, எழுப்பவில்லை. நாலு பத்துக்கு டப்பா கத்தியது. PAL. தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கினேன். பஸ் ஏறினேன். நாலரைக்கு மறுபடி கத்தியது. எடுத்துப் பார்த்தேன். PAL. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, இன்னொரு கடை தேடி, இன்னொரு பாக்கெட் வாங்கினேன்.

ஏன் இரண்டு என்று நான் யோசிக்கவே இல்லை. கையில் ஏற்கெனவே ஒரு பாக்கெட் சில்லென்று இருந்தது, அதன் மேலேயே இதையும் வைத்துக்கொண்டேன். கடைக்காரம்மா, வீட்டில் விருந்தாளியா என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, இரண்டையும் குளிர்ப்பெட்டியில் வைத்து, முகம் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இதற்கு மேல் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. ஐந்து மணி தாண்டியும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிள்ளை வரவில்லை. டப்பா கத்தவில்லை, ஆகவே எனக்குப் பிள்ளை வர வேண்டும் என்பதும் தோன்றவில்லை. எதிர்ச் சுவரில் அவருடைய சட்டை மாட்டுகிற ஆணி இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் சுவரில் கீழிறங்கிக் கீழிறங்கித் தரைக்கு வந்தது. ஆறரைக்குப் பாடம் என்று கத்தியதும் அவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான் வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தது. கைபேசியை எடுத்தேன். பதினோரு அழைப்புகள், எல்லாம் அண்ணி. திருப்பிக் கூப்பிடுவதற்குள் கதவு தட்டப்பட்டது.

அண்ணி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. உள்ளே வந்து அவளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் கத்தவில்லை. மருத்துவர் ஆறேகால் வரை எனக்காகக் காத்திருந்தாராம். கையெழுத்து இல்லாமல் தொட மாட்டேன் என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, நாளைக் காலை ஒன்பதுக்கு வரச் சொல்லிவிட்டாராம். பிள்ளை ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எட்டிப் பார்த்ததாம்.

எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். பால் வாங்கப் போனேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டினேன். அப்போதும் புரியவில்லை. கடைசியில் டப்பாவைக் கொடுத்தேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். வாய்விட்டுப் படித்தாள்: பி, ஏ, எல். இன்னொரு தடவை பி, ஏ, எல். பிறகு குளிர்ப்பெட்டியைப் பார்த்தாள்.

"பல்லையும் பாலையும் ஒண்ணாப் போட்டு வெச்சிருக்கியே," என்றாள். "புடுங்க வேண்டியதே பால் பல்லு."

வேறொரு நாளாக இருந்தால் மூவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அவர் இருந்திருந்தால் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி என் மானத்தை வாங்கியிருப்பார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அண்ணி இன்னும் டப்பாவைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது. அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

"கட்டின்னு போட்டிருக்கே. தினமும் எட்டேகாலுக்குக் கட்டி. என்ன கட்டி? எங்க இருக்கு? டாக்டரப் பாத்தியா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, ஆமாம் கட்டிதான், மருந்து தடவுகிறேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் தம்பியைப் பறிகொடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது, அவளிடம் இன்னொரு சாவைக் காட்டி விளையாட முடியாது.

"கட்டி இல்ல அண்ணி," என்றேன். "கட்டிப்பிடி."

"யாரை?"

நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் டப்பாவைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். அதற்கு மேல் உள்ள குறிப்பையும் படித்திருப்பாள். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். பெற்ற பிள்ளையைக் கட்டிப்பிடிக்க உனக்கு அலாரம் வேணுமா என்று கேட்டாள். கேட்ட குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசமாக இருந்தது.

அப்போது கட்டிலிலிருந்து பிள்ளை பேசினாள். வீங்கிய கன்னத்தால் வார்த்தை கொழகொழவென்று வந்தது.

"எனக்குத் தெரியும் அத்தை. எட்டு பத்துக்கு அம்மா சிரிப்பா. அப்புறம் கட்டிப்பா. நான் அதுக்குன்னு எடுத்து வெச்சுப்பேன்."

என்னத்தை எடுத்து வைப்பாய் என்று அண்ணி கேட்டாள்.

"சிரிப்பு வர்ற மாதிரி ஏதாச்சும். ஸ்கூல்ல நடந்தத வந்த உடனே சொல்ல மாட்டேன். அப்பவே சொன்னா வீணாப் போயிடும்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. குடையை மறக்காமல் எடுத்துப்போவேன் என்று சொல்கிற மாதிரி, தன் கெட்டிக்காரத்தனமாகத்தான் சொன்னாள். இரண்டு வாரமாக இந்தப் பிள்ளை காலையில் நடந்ததைச் சொல்லாமல் இரவு எட்டு பத்து வரை வாயைக் கட்டி வைத்திருக்கிறது. அழ வேண்டியதையும் எங்கே போட்டு வைத்திருக்கிறதோ, யார் கண்டது? நான் என்னவோ என் ஏமாற்றை அவள் கண்டுபிடிக்கக் கூடாது என்று இருந்தேன். அவள் கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற மாதிரி தன்னை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஆறு நாள் நான் தப்பாமல் ஓட்டியிருந்தால் ஜெயித்திருப்பேன். ஜெயித்து, வருஷம் முழுக்க இவளை இப்படியே வைத்திருப்பேன்.

அந்த மனுவைக் கொடுங்கள் என்று அண்ணியிடம் கேட்டேன். அவள் கைப்பை ஜிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு பல்லுக்காக வேண்டாம், பல்லை நாளைக்குப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றாள். ஒரு மாதமாக என்னைத் துருவித் துருவி எடுத்தவள், இப்போது அவளே பின்வாங்கினாள்.

"பல்லுக்காக இல்ல அண்ணி," என்றேன்.

மனுவை மேசையில் விரித்துக் கையெழுத்துப் போட்டேன். பேனா ஒழுங்காக எழுதியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய இரண்டு சீருடையையும் புத்தகப் பையையும் மாத்திரையையும் எடுத்து வைத்தேன், டப்பா ஒன்றும் சொல்லாமலேயே எல்லாம் ஞாபகம் இருந்தது. நாளைக் காலை மருத்துவமனையில் போட வேண்டிய கையெழுத்துக்கு நான் இன்று போலவே வராமல் போய்விட்டால் என்ன ஆகும் என்று, ஒரு தாளில் சம்மதம் எழுதி அதையும் அண்ணியிடம் கொடுத்தேன். பிறகு பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தேன்.

அவள் காலைத் தூக்கினாள். விழாமல் இருக்க என் தலையில் கையை வைத்தாள். அந்தக் கை சுட்டது. பல்வலியில் காய்ச்சல் கண்டிருந்தது, ஐந்து மணியிலிருந்து அந்தக் காய்ச்சலோடுதான் கதவைக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் அப்போது ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு வார் துளையில் கொக்கி நுழையவில்லை. மறுபடி முயன்றேன், நுழையவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, கண் தெரியவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, யாருடையதோ என்று நினைத்தேன், என்னுடையது. அழுதேன். வலித்தது. அவர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தது வலித்தது, சட்டைக்கு அவ்வளவு நேரம் இஸ்திரி போட்டது வலித்தது, இந்தச் சின்னக் கால் வலித்தது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளை பயந்துவிடுவாள் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் பயப்படவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மேசைமேல் கிடந்த டப்பாவைப் பார்த்தாள்.

"இது அதுல இல்லையே," என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை நான் எண்ணவில்லை, எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அண்ணியும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டெப்போ முழுக்கக் கேட்கிற அந்தக் குரலை அடியோடு இறக்கி, பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். மனுவை இப்போதே கிழித்துவிடுகிறேன் என்றாள்.

அதைத்தான் இருபத்துநான்கு நாளாகக் கேட்கக் காத்திருந்தேன். ஆம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இப்போதுதான் இவள் எனக்கு வேண்டியிருந்தது, முன்னே எப்போதும் இல்லாத அளவுக்கு வேண்டியிருந்தது. ஆனால் ஒரு தடவை அழுதுவிட்டால் ஞாபகம் திரும்பிவிடுமா என்ன? நாளைக்கே நான் மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார மாட்டேன் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? நான் கொடுக்க மாட்டேன்.

"கூட்டிட்டுப் போங்க," என்றேன். "நான் சரியானப்புறம் நானே வந்து கேக்குறேன். அப்ப குடுங்க."

அண்ணி பையை எடுத்துக்கொண்டாள். செருப்பு வாரை அவளே மாட்டிவிட்டாள். பிள்ளை வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். முரண்டு பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கன்னம் ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நான் போனப்புறமும் அழுவியா?" என்று கேட்டாள்.

"அழுவேன்."

"நெஜமா?"

"நெஜமா."

சரி என்று தலையை ஆட்டினாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகம் தெளிவாக இருந்தது. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.